டெக்சஸில் நகர எல்லைக்கு வெளியே வீடு: தீப்பிடித்தால் யார் வருவார்கள்?

போன ஆகஸ்டில் ஆஸ்டினுக்குக் கிழக்கே நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். இரண்டு ஏக்கர் மனை, நடுவில் வீடு, வேலி வரைக்கும் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். கணபதி ஹோமம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, “இங்கே தீப்பிடித்தால் யார் வருவார்கள்?” என்று கேட்டேன். “911-ஐ அழைத்தால் ஆஸ்டினிலிருந்து வந்துவிடுவார்கள்” என்றார் நண்பர், சந்தேகமே இல்லாமல்.

அப்படி இல்லை. அவர் வீடு நகர எல்லைக்கு வெளியே, கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நிலத்தில் இருக்கிறது. அவர் அழைத்தால் வண்டி புறப்படுவது ஆறு மைல் தள்ளி, பண்ணைச் சாலை ஓரத்தில் நிற்கும் ஒரு தகரக் கொட்டகையிலிருந்து. அங்கே மூன்று வண்டிகள் இருக்கின்றன. ஆனால் யாரும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பள்ளி பஸ் ஓட்டுபவர், ஏர்கண்டிஷனர் பழுதுபார்ப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியை என ஊர்க்காரர்கள்தான், கைப்பேசியில் அழைப்பு வந்ததும் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியை எடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது.

எங்கள் பகுதியின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் நான் ஆறு ஆண்டுகளாக டேங்கர் ஓட்டுகிறேன். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் நகரங்களிலிருந்து நம்மவர்கள் நிலம் தேடி வெளியே வந்துகொண்டே இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் தரத்தை அலசி ஆராய்பவர்கள், தீயணைப்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. குறைசொல்ல முடியாது, ஊரில் 101-ஐ அழைத்தால் அரசின் வண்டி வரும் என்று வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்கக் கிராமப்புறத்தில் தீயணைப்பு என்பது ஊர்மக்களே காசு போட்டு, ஆள் திரட்டி நடத்துவது. 2020 கணக்குப்படி நாட்டின் சுமார் 10,41,000 தீயணைப்பு வீரர்களில் 6,77,000 பேர் தன்னார்வலர்கள். 1984-இல் தன்னார்வலர்கள் மட்டுமே கிட்டத்தட்ட 9 லட்சம் பேர் இருந்தார்கள். மக்கள்தொகை ஏறியிருக்கிறது, ஆள் குறைந்திருக்கிறது.

புதிதாக வீடு வாங்கியவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

1. உங்கள் வீடு யாருடைய எல்லையில் இருக்கிறது?

கடித முகவரியை நம்பாதீர்கள். முகவரியில் ‘ஆஸ்டின்’ என்று இருப்பது தபால் நிலையத்தின் வசதிக்காக. உங்கள் கவுன்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலக இணையதளத்தில் உங்கள் மனையைத் தேடுங்கள். யார் யாருக்கு வரி கட்டுகிறீர்கள் என்ற பட்டியல் வரும்: கவுன்டி, பள்ளி மாவட்டம், இன்னும் சில. அதில் நகரத்தின் பெயர் இருந்தால் பெரும்பாலும் நகரத் தீயணைப்புத் துறை உங்களுக்கு உண்டு. ‘இ.எஸ்.டி.’ என்ற மூன்றெழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், நீங்கள் ஓர் அவசரச் சேவை மாவட்டத்துக்குள், அதாவது இந்தச் சேவைகளுக்காகவே வரி வசூலிக்கும் அமைப்பின் எல்லைக்குள், இருக்கிறீர்கள். சில இடங்களில் இப்படி இரண்டு வரிகள்கூட இருக்கும். ஒன்று தீயணைப்புக்கு, மற்றது ஆம்புலன்ஸுக்கு.

இரண்டுமே இல்லையென்றால் உங்கள் பகுதியைக் காப்பது நன்கொடையில் நடக்கும் ஒரு தன்னார்வப் படை. கவுன்டி ஆண்டுதோறும் கொடுக்கும் சிறு தொகையும், வார இறுதியில் விற்கும் சாப்பாடும்தான் அதன் வருமானம்.

வேறு மாநிலங்களில் சந்தா முறையும் உண்டு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டென்னசி மாநிலம் ஓபியன் கவுன்டியில் 2010 செப்டம்பரில் நடந்ததே போதும். சவுத் ஃபுல்டன் நகரத்தின் படை, எல்லைக்கு வெளியே இருப்பவர்களிடம் ஆண்டுக்கு 75 டாலர் வாங்கிக்கொண்டு சேவை செய்துவந்தது. ஒரு குடும்பம் அந்த ஆண்டு பணம் கட்டவில்லை. அவர்கள் வீடு பற்றிக்கொண்டது. சந்தா கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்காரருக்காக வண்டி வந்தது; அவர் வயலுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டது; வீடு எரிந்து முடிந்தது. அடுத்த ஆண்டும் அதே பகுதியில் இன்னொரு வீட்டுக்கு இதே கதி. அதன் பிறகுதான் விதி மாறியது. அந்த வீரர்களை நான் திட்டமாட்டேன். கட்டாதவர்களுக்கும் சேவை உண்டு என்றால் அடுத்த ஆண்டு யார் கட்டுவார்கள் என்ற பயத்தில் எழுதிய விதி அது. ஆனால் ஒருவர் வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி செய்யும் எந்த ஏற்பாடும் தவறான ஏற்பாடு. எல்லோரும் சிறிது கட்டி எல்லோரையும் காக்கும் வரி முறை அதைவிட எவ்வளவோ மேல்.

2. அந்த வரி எவ்வளவு, எங்கே போகிறது?

இ.எஸ்.டி. வசூலிக்கக்கூடிய சொத்து வரிக்கு டெக்சஸ் அரசியல் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது: 100 டாலர் மதிப்புக்கு 10 சென்ட். உங்கள் வீட்டின் வரிக்குரிய மதிப்பு 3 லட்சம் டாலர் என்றால், உச்சவரம்பிலேயே போட்டாலும் ஆண்டுக்கு 300 டாலர். பள்ளி வரியோடு ஒப்பிட்டால் இது கண்ணிலேயே படாத தொகை.

இப்போது மறுபக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாவட்டத்தின் மொத்தச் சொத்து மதிப்பு 20 கோடி டாலர் என்றால், உச்ச வரியில் கிடைப்பது ஆண்டுக்கு 2 லட்சம் டாலர். புதிய தீயணைப்பு வண்டி ஒன்று 5 லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஒரு வீரருக்கான கோட்டு, கால்சட்டை, தலைக்கவசம், காலணி சேர்ந்து சில ஆயிரம் டாலர். பத்து ஆண்டு ஆனால் கிழியாமல் இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும் என்பது நடைமுறை. முதுகில் மாட்டும் மூச்சுக் கருவிக்குத் தனியாக இன்னும் பல ஆயிரம். டீசல், இன்சூரன்ஸ், வானொலிக் கருவிகள், ஆண்டுக்கொருமுறை பம்பு சோதனை எல்லாம் அந்த 2 லட்சத்துக்குள்தான்.

புறநகர் மாவட்டங்கள் வீடுகள் பெருகப் பெருகச் செழிக்கின்றன. மேய்ச்சல் நிலப் பகுதிகள் அப்படியில்லை. விவசாய நிலத்துக்கு அதன் விளைச்சல் மதிப்பில்தான் வரி என்பதால், நூறு சதுர மைல் பரப்பிலும் வரிப்பணம் சொற்பம். 2024 பிப்ரவரி 26 அன்று வடக்கே பான்ஹேண்டில் பகுதியில் கிளம்பிய ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ, 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்து, டெக்சஸ் வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீயாயிற்று. அதை முதலில் எதிர்கொண்டவர்கள் இப்படிப்பட்ட சிற்றூர்களின் தன்னார்வலர்கள்.

வரியைத் தவிர வேறு வழிகளும் உண்டு. வாக்காளர்கள் ஒப்புக்கொண்டால் இ.எஸ்.டி. விற்பனை வரியும் போடலாம். ஆனால் உள்ளூர் விற்பனை வரிகள் எல்லாம் சேர்ந்து 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நகரம் அதை முழுதும் எடுத்துக்கொண்ட இடத்தில் மிச்சம் இருக்காது. நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய பெட்ரோல் நிலையம் வைத்திருக்கும் மாவட்டங்களுக்கு இது பெரிய வரம். மாநிலத்தின் வனத்துறையான டெக்சஸ் ஏ அண்டு எம் ஃபாரஸ்ட் சர்வீஸ், 2001-இல் சட்டமான ஒரு திட்டத்தின் கீழ் கிராமப்புறத் தன்னார்வப் படைகளுக்கு வண்டி, உடை, பயிற்சி ஆகியவற்றில் செலவைப் பகிர்ந்துகொள்கிறது; அந்தப் பணம் இன்சூரன்ஸ் நிறுவனங்களிடமிருந்து வசூலாவது. ராணுவம் கழித்த லாரிகளும் இதே துறை வழியாக வருகின்றன. மத்திய அரசின் தீயணைப்பு மானியமும் இருக்கிறது. 20,000 பேர் அல்லது அதற்குக் குறைவாக இருக்கும் பகுதி, மானியத் தொகையில் 5 சதவீதம் தன் பங்காகப் போட்டால் போதும்.

3. இன்சூரன்ஸ் தர எண்ணைக் கேளுங்கள்

தீயணைப்பு வசதிக்கு 1 முதல் 10 வரை தரம் போடும் ஐ.எஸ்.ஓ. என்ற நிறுவனம் ஒன்று உண்டு. தரச் சான்று தரும் ஐ.எஸ்.ஓ. வேறு, இது இன்சூரன்ஸ் துறையைச் சேர்ந்தது. 1 மிகச் சிறந்தது. 10 என்றால் குறைந்தபட்சத் தகுதிகூட இல்லை என்று பொருள். 911 தகவல் தொடர்புக்கு 10 புள்ளி, படைக்கு 50, தண்ணீருக்கு 40 என்று எடைபோடுகிறார்கள். தடுப்புப் பணிகளுக்குக் கூடுதலாக 5.5.

அங்கீகரிக்கப்பட்ட நிலையத்திலிருந்து சாலை வழியாக 5 மைலுக்கு மேல் போய்விட்டால் வீடு பெரும்பாலும் 10-இல் விழும். ஆயிரம் அடிக்குள் ஹைட்ரண்ட் (தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கும் சாலையோரக் குழாய்) இருக்கிறதா என்பதும் தரத்தை மாற்றும். நண்பரின் வீடு ஆறு மைலில் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, அவருடைய பிரீமியம் ஏன் அவ்வளவு என்பது அன்று சாப்பாட்டு இலையிலேயே விளங்கிவிட்டது. வீடு வாங்குவதற்கு முன்பே இன்சூரன்ஸ் முகவரிடம் இந்த எண்ணைக் கேட்டுவிடுங்கள். நிலையம் ஒன்று கூடுதலாக வந்தால் வரி கொஞ்சம் ஏறும், பிரீமியம் இறங்கும். பல குடும்பங்களுக்கு இறங்குவதே அதிகம்.

4. தண்ணீர் எங்கிருந்து வரும்?

நகரத்தை விட்டு வெளியே வந்தால் ஹைட்ரண்ட் அரிது. குடிநீர்க் குழாய்கள் மெலிதானவை, பல வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறுதான். தீயணைக்கும் தண்ணீரை நாங்கள் கையோடு கொண்டுவர வேண்டும்.

முதலில் வரும் வண்டியில் சுமார் 1,000 கேலன் இருக்கும். நம் கணக்கில் 3,800 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கேட்க நிறைய மாதிரி இருக்கிறது. நிமிடத்துக்கு 250 கேலன் வீதம் அடித்தால் நான்கே நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்காகத்தான் மடக்குத் தொட்டி. பயிற்சி நாளில் நான் அதை விரிக்கும் முறை இது: டேங்கரின் பக்கவாட்டில் கட்டிலைப் போல மடித்துச் செருகியிருக்கும் சட்டத்தை இருவர் இழுத்து இறக்குவோம். விரித்தால் ஒரு சிறிய அறை அளவுக்கு ஆரஞ்சு நிறத் தார்ப்பாய்த் தொட்டி. கீழே கூழாங்கல் குத்தாமல் இருக்க முதலில் ஒரு விரிப்பு. டேங்கரைப் பின்னுக்கு எடுத்து, அகலமான மதகைத் திறந்தால் 2,000 கேலன் ஓரிரு நிமிடத்தில் உள்ளே கொட்டும், தரை அதிரும். மதகை மூடியதும் நான் அடுத்த நடைக்குக் கிளம்ப வேண்டும். தீயணைப்பு வண்டி அந்தத் தொட்டியிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே அடுத்த டேங்கர் வந்து நிரப்பும். அந்த வரிசை ஒரு தடவை அறுந்தாலும், உள்ளே குழாய் பிடித்து நிற்பவர் கையில் தண்ணீர் நின்றுவிடும்.

உங்களால் செய்ய முடிகிற, காசு அதிகம் ஆகாத காரியங்கள் இங்கேதான் இருக்கின்றன.

உங்கள் நிலத்திலோ பக்கத்திலோ குளம் இருந்தால் படைத் தலைவரிடம் சொல்லுங்கள். குளத்துக்குள் ஒரு குழாயை இறக்கி, கரையில் வண்டி இணைக்கும் வாயை வைத்துவிட்டால் அது வறண்ட நிலத்துக்கு ஹைட்ரண்ட் ஆகிவிடும். நீச்சல் குளமும் உதவும். வண்டி நெருங்க வழி இருக்க வேண்டும்.

வழி என்றதும் சொல்ல வேண்டியது: 3,000 கேலன் டேங்கரில் தண்ணீர் மட்டுமே 11 டன்னுக்கு மேல். உங்கள் வீட்டுக்கு வரும் பாதையில் சாக்கடை மேல் போட்ட சின்னப் பாலம் அதைத் தாங்குமா? தீயணைப்பு விதிகள் கேட்பது 20 அடி அகலமும் 13 அடி 6 அங்குல உயரமும். ஓக் மரக்கிளை அழகாகத் தொங்கும் நுழைவாயில்தான் எங்கள் வண்டியின் கண்ணாடியைப் பெயர்க்கிறது. வாயிலுக்கு மின்கதவு போட்டிருந்தால், மின்சாரம் போனாலும் திறக்க வழிவைத்து, அதைப் படையிடம் தெரிவித்துவிடுங்கள்.

எண் பலகை: இரவில் விளக்கொளி பட்டால் மின்னும் எழுத்தில், சாலையிலிருந்து இரண்டு திசையிலும் தெரியும்படி. கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிய பித்தளை எண் 300 அடி தள்ளிச் சாலையில் போகிற எங்களுக்குத் தெரியாது. வீட்டைத் தேடிக்கொண்டு கடந்துபோய்த் திரும்பி வந்த இரவுகள் எனக்கு உண்டு. அந்த இரண்டு நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

5. எரிப்புத் தடை

காய்ந்த நாட்களில், கவுன்டியை நிர்வகிக்கும் ஆணையர் மன்றம் வெளியே எதையும் எரிக்கக் கூடாது என்று தடை போடும். மீறினால் 500 டாலர் வரை அபராதம். குப்பை எரிப்பது, தழைக் குவியலுக்குத் தீ வைப்பது எல்லாம் அதில் அடங்கும். முற்றத்தில் ஹோமம் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கவுன்டி இணையதளத்தைப் பாருங்கள். தடை இருந்தால் வீட்டுக்குள் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். 2011 செப்டம்பரில் ஆஸ்டினுக்குக் கிழக்கே பாஸ்ட்ராப்பில் 1,600-க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. நண்பரின் வீட்டைச் சுற்றி நின்றதும் அதே வறண்ட புல்தான். வீட்டைச் சுற்றி முப்பது அடிக்குப் புல்லைக் குட்டையாக வெட்டி வைப்பது எந்த வண்டியைவிடவும் வேகமான உதவி.

6. கூட்டத்துக்குப் போங்கள்

இ.எஸ்.டி.யை நடத்துவது ஐந்து பேர் கொண்ட குழு. பெரும்பாலான கவுன்டிகளில் ஆணையர் மன்றம் அவர்களை இரண்டு ஆண்டுக்கு நியமிக்கிறது. சில இடங்களில் தேர்தல் உண்டு. கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டியாக வேண்டும். நான் போன முதல் கூட்டத்தில் குழுவினர் ஐந்து பேர், படைத் தலைவர், கணக்காளர், நான். வேறு யாரும் இல்லை. பல லட்சம் டாலர் பொதுப்பணத்தைப் பற்றிய பேச்சு அது.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தவறாமல் போங்கள். பட்ஜெட்டும் வரி விகிதமும் அப்போதுதான் முடிவாகின்றன. பொதுமக்கள் பேசும் நேரத்தில் கேளுங்கள்: பகல் நேர அழைப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? வண்டிகளின் வயது என்ன, அடுத்ததற்குச் சேமிப்பு இருக்கிறதா? இ.எஸ்.டி.க்கும் படைக்கும் இடையிலான ஒப்பந்தம் எப்போது முடிகிறது? பல இடங்களில் இவை இரண்டும் தனித்தனி அமைப்புகள் என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. வரி வசூலிப்பது மாவட்டம், தீயணைப்பது லாப நோக்கற்ற சங்கமாகப் பதிவான படை, நடுவில் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் யார் வண்டி யாருக்குச் சொந்தம் என்று தெளிவாக எழுதாத இடங்களில்தான் பின்னாளில் சண்டை.

7. கைகொடுங்கள்

படையில் சேர 18 வயது ஆகியிருந்தால் போதும். விண்ணப்பம், பின்புல விசாரணை, சில மாதம் தகுதிகாண் காலம், வாரத்தில் ஒரு மாலைப் பயிற்சி. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இளையோர் பிரிவு வைத்திருக்கும் படைகளும் உண்டு. விசாவில் இருப்பவர்கள் ஒன்றை விசாரித்துக்கொள்ள வேண்டும்: சில படைகள் அழைப்புக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தருகின்றன, அதை வாங்கலாமா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

எரியும் வீட்டுக்குள் எல்லோரும் போக வேண்டியதில்லை. டேங்கர் ஓட்டலாம், விபத்து நடந்த சாலையில் போக்குவரத்தை நிறுத்தலாம். எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை சாலை விபத்தும் நெஞ்சுவலியும்தான். நம்மவர்கள் மிக நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று எல்லாப் படையிலும் காலியாக இருக்கிறது: கணக்கு எழுதுவதும், மானிய விண்ணப்பம் நிரப்புவதும். அலுவலகத்தில் தினமும் படிவத்தோடு மல்லுக்கட்டும் ஒருவர் நான்கு இரவு உட்கார்ந்தால், பத்து வீரர்களுக்குப் புதிய உடை வரும்.

உங்கள் கொட்டகையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதைப் படைக்குச் சொல்வதும் கைகொடுப்பதுதான். வாயு உருளை, உர மூட்டை, சூரிய மின்கல அடுக்கு, எதுவானாலும். 2013 ஏப்ரல் 17 அன்று வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கில் பற்றிய தீயை அணைக்கப் போனார்கள். உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இறந்த 15 பேரில் 12 பேர் உதவிக்குப் போனவர்கள்.

8. மாவட்டமே இல்லாத இடத்தில்

உங்கள் பகுதியில் இ.எஸ்.டி. இல்லையென்றால் உருவாக்கலாம். அந்த எல்லைக்குள் வரிக்குரிய நிலம் வைத்திருக்கும் வாக்காளர்கள் குறைந்தது 100 பேர் கையெழுத்திட்ட மனுவைக் கவுன்டி நீதிபதியிடம் (பெயர்தான் நீதிபதி, கவுன்டி நிர்வாகத்தின் தலைவர் அவர்) கொடுக்க வேண்டும். நகரத்தின் எல்லையோ, அதற்கு வெளியே நகரத்தின் அதிகாரம் ஓரளவு செல்லும் புற அதிகார எல்லையோ உள்ளே வந்தால் அந்த நகரத்தின் சம்மதமும் வேண்டும். பிறகு பொது விசாரணை, அதன்பின் தேர்தல். குடியுரிமை இல்லாதவர்கள் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் வரைபடம் போடுவது, வீடு வீடாகப் போய் விளக்குவது, விசாரணையில் பேசுவது எல்லாம் செய்யலாம்.

வீடு வீடாகப் போகும்போது வரி என்ற சொல்லுக்கே கதவைச் சாத்துபவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் வாதாடாதீர்கள். 3 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 300 டாலர் என்ற கணக்கையும், உங்கள் பகுதிக்கான இன்சூரன்ஸ் தர எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இருக்கிற தன்னார்வப் படையின் தலைவரையும் கூட அழைத்துப் போங்கள். புதிதாக வந்தவர்கள் எங்கள் படையைக் கலைக்கப் பார்க்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பினால் மனு அங்கேயே படுத்துவிடும்.

தேர்தலில் வென்றாலும் பணம் உடனே வராது. நவம்பரில் வாக்களித்தால் அடுத்த ஆண்டு செப்டம்பரில் விகிதம் முடிவாகி, அக்டோபரில் ரசீது போய், கட்டக் கடைசி நாளான ஜனவரி 31-க்குள்தான் பெரும்பகுதி வந்துசேரும். ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவரை டீசலுக்குக் காசு வேண்டுமே. படையின் சனிக்கிழமைச் சாப்பாட்டு விற்பனையை அந்த ஆண்டும் நடத்துங்கள். எங்கள் நிலையத்தில் போன தடவை பிரிஸ்கெட் மாட்டிறைச்சித் தட்டுக்குப் பக்கத்திலேயே எலுமிச்சை சாதமும் வைத்தோம். பிற்பகல் ஒரு மணிக்குள் பாத்திரம் காலி.